டார்க் சன்: அதிகாரபூர்வப் புத்தகம் வர்ற வரைக்கும் பொறுக்கறதா, நாமளே 5ஈ-க்கு மாத்திக்கறதா?

நொய்யல்_பகடை (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை ஆடற விளையாட்டு) டேபிள். அஞ்சு ஆட்டக்காரங்க, ஆட்டத்தை நடத்தற ஒரு டிஎம், 5ஈ-ல (அஞ்சாம் பதிப்பு) 2014 விதி. இப்ப ஓடற கேம்பெய்ன் (தொடர் ஆட்டம்) முடியற கட்டத்துல இருக்கு. அடுத்தது டார்க் சன்ங்கற பாலைவன உலகம்தான்னு ஒட்டுக்கா முடிவாயிருச்சு. எப்படி ஆடறதுங்கறதுல மட்டும் ரெண்டு கட்சி. "டி அண்ட் டி போடற விசார்ட்ஸ் கம்பெனி புதுப் புத்தகம் விடப் போறாங்க, அதுவரைக்கும் பொறுக்கலாம்"னு பாதிப் பேர். "1991-ல வந்த டார்க் சன் பெட்டியோட பிடிஎஃப் விலைக்குக் கிடைக்குது, அதை வாங்கி நாமளே மாத்திக்கலாம்"னு மீதிப் பேர்.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. புத்தகம் வரும்னு நம்பறதுக்கு நிசமாவே ஆதாரம் இருக்குதுங்களா? நாமளே மாத்தினா 5ஈ விதியில எதெல்லாம் உடையும்? இன்னொண்ணு, டேபிள்ல ரெண்டு பேருக்கு இங்கிலீஷ் புத்தகம் படிக்கச் சிரமம். அதனால தமிழ்ல ஒரு கைப்புத்தகம் போடலாம்னு இருக்கறோம். ஈரோடு, கோவை டேபிள்காரங்களும் கேக்கறாங்க. அச்சுக்கூலியை மட்டும் வாங்கிட்டுக் குடுத்தா தப்பாகுமுங்களா?

அவிநாசி_ஆந்தை

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். தண்ணிக் கணக்குக்கும் சட்டத்துக்கும் இங்க வேற ஆளுங்க இருக்காங்க.

வரும்னு நினைக்கறவங்க கையில ரெண்டு ஆதாரம் இருக்கு. 2025 மே மாசம் சயான் (மனோசக்திக்காரன்) வகுப்பை, அதாவது அந்தக் கேரக்டர் வகையை, சோதனைத் தாளா வெளியிட்டாங்க. அதே வருசம் ஆகஸ்ட்ல இன்னொரு தாள் வந்துது. அதுல டிரூயிடுக்குப் பாதுகாப்பு வட்டம், ஃபைட்டருக்குக் கிளாடியேட்டர், சோர்சரருக்கு டிஃபைல் பண்ற (செடி கொடி உயிரை உறிஞ்சற) மந்திரம், வார்லாக்குக்கு சோர்சரர்-கிங் (நகரத்தை ஆளற மந்திரவாதி அரசன்) புரவலர்னு நாலு துணைவகுப்பு. இந்த நாலும் சேர்ந்து பொருந்தற உலகம் டார்க் சன் ஒண்ணுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா சோதனைத் தாள் வேற, புத்தக அறிவிப்பு வேற. மிஸ்டிக்ங்கற மனோசக்தி வகுப்பை 2015-லயிருந்து 2017 வரைக்கும் திருத்தித் திருத்திச் சோதிச்சுட்டு, கடைசியில கைவிட்டுட்டாங்க. சயானிக்ஸ்ல (மனோசக்தி விதி) துண்டு துண்டாக் கிடைச்சதெல்லாம் 2020-ல டாஷா புத்தகத்துல வந்த துணைவகுப்புகதான்.

எதிர்ப்பக்க ஆதாரம் இன்னும் கனம். 2023-ல அப்ப டி அண்ட் டி-யோட நிர்வாகத் தயாரிப்பாளரா இருந்த கைல் பிரிங்க் ஒரு பேட்டியில, டார்க் சன்ல சிக்கலான விஷயங்க நிறைய இருக்கு, அதனாலதான் அதுக்குத் திரும்பலைங்கற அர்த்தத்துல பேசினார். என்ன சிக்கல்னு பழைய புத்தகங்களைத் திறந்தாலே தெரியும். ஏழு நகர-அரசும் அடிமை உழைப்புல நிக்குது. சோர்சரர்-கிங்கெல்லாம் ராஜாட்ங்கற மந்திரவாதி ஏவிவிட்ட இன அழிப்புப் போர்ல தளபதியா இருந்தவங்க. நோம், ஆர்க், காப்ளின் எல்லாம் இந்த உலகத்துல இல்லாததுக்குக் காரணமே அந்தப் போர்தான். இதையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் இருக்கறது வெறும் மணல். வெச்சிருந்தா இன்னிக்கு ஒரு பெரிய கம்பெனி அதைத் தன் பேர்ல விக்கணும்.

சரி, புத்தகம் வந்துருச்சுன்னே வைங்க. என்ன வடிவத்துல வரும்? 2022-ல ஸ்பெல்ஜாமர்ங்கற இன்னொரு பழைய உலகம் வந்துது, 64 பக்கத்துல மூணு புத்தகம். ஒரு பிரபஞ்சத்துக்கே அவ்வளவுதான் பக்கம். அந்த வருசக் கடைசியில டிராகன்லான்ஸ் ஒரு அட்வெஞ்சரா (ஆடறதுக்கான கதை) வந்துது. 2023-ல பிளேன்ஸ்கேப், மறுபடியும் மூணு புத்தகம். ஒரு உலகத்துக்கு ஒரு தடவை புத்தகம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவாங்க. டி அண்ட் டி-யை முன்னாடி போட்ட டிஎஸ்ஆர் கம்பெனி காலத்து அனுபவம் அதுக்கு ஒரு காரணம். அப்ப ஒரே சமயத்துல ஏகப்பட்ட உலகங்களை ஓட்டினதால, இருந்த வாடிக்கைக்காரங்களே பிரிஞ்சு போனாங்க. டார்க் சன் வரிசை 1996-ல நின்னுது. 1997-ல டிஎஸ்ஆரையே விசார்ட்ஸ் வாங்கிட்டாங்க. ஆக, புதுப் புத்தகம் வந்தாலும் டியூன் டிரேடர், வெயில்ட் அலையன்ஸ், ஐவரி டிரையாங்கிள் மாதிரி 1992, 93-ல வந்த ஆழமான துணைப் புத்தகங்களுக்கு அது ஈடாகாது. டேபிளுக்குத் தேவையான விவரம் இப்பவும் அந்தப் பழைய பிடிஎஃப்கள்லதான் இருக்கு.

அதனால காத்திருக்கறதுல லாபம் இல்லைங்கறது என்னோட முடிவு. உலகத்தைப் பழசுல எடுங்க, விதியை நீங்க போடுங்க. நாளைக்குப் புதுசு வந்தா சயான் வகுப்பை மட்டும் அதுலயிருந்து உருவிக்கலாம்.

பொள்ளாச்சி_காத்து

ஆந்தை அண்ணன் சொன்னதுக்கு மேல முதல் கேள்வியில ஒண்ணும் இல்லீங்க. ரெண்டாவதுக்கு வர்றேன். டார்க் சன்னை 5ஈ-ல ஆடறப்ப முதல்ல உடையறது தண்ணி. அது உடைஞ்சா மத்த எல்லாமே வெறும் வேசம்.

கணக்கைப் பாருங்க. 2014 விதிப்படி ஆளுக்கு நாளைக்கு 1 கேலன், வெக்கையா இருந்தா 2 கேலன். அத்தாஸ்ல (டார்க் சன் உலகத்தோட பேர்) எந்நாளும் வெக்கைதான், அதனால 2. விதியில இருக்கற தண்ணிப்பை அரை கேலன் பிடிக்கும், நிறைஞ்சா 5 பவுண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு பை, 20 பவுண்டு. அஞ்சு பேர் நாலு நாள் பயணம்னா 40 கேலன், அதாவது 80 பை, 400 பவுண்டு. நம்ம கணக்குல ஏறக்குறைய 150 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்துல பத்துக் குடம். இதை முதுகுல தூக்கிட்டு மணல்ல நடக்க முடியாதுங்கறது டேபிள்ல உறைக்கணும். உறைச்சாத்தான் ஒரு காங்க் (சுமை தூக்கற பெரிய பூச்சி) வாங்கறது, வணிகர் வண்டியில இடம் கேட்டுக் கெஞ்சறது, யாரோட கிணத்துல இறங்கறதுங்கறதெல்லாம் கதையாகும்.

இவ்வளவு பெரிய கணக்கை முதல் லெவல் ஸ்பெல் (மந்திரம்) ஒண்ணு ஒரே தட்டுல தட்டிவிட்டுரும். கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர், ஒரு ஸ்லாட்டுக்கு (எண்ணிக்கையாக் கிடைக்கற மந்திர வாய்ப்பு) 10 கேலன். அஞ்சு பேருக்கு ஒரு முழு நாள் தண்ணி. மூணாம் லெவல்ல கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர் 30 கேலன் குடுக்குது, கூடவே 45 பவுண்டு சாப்பாடு. அவுட்லேண்டர் பின்னணி எடுத்த ஆள் தனக்குப் போக அஞ்சு பேருக்கு உணவும் தண்ணியும் தேடிக் குடுப்பான். குட்பெர்ரி பத்துப் பேரோட பசியை அடைக்கும். டைனி ஹட்டை ரிச்சுவலா (சடங்கா) போட்டா ஸ்லாட் செலவே இல்லாம உள்ள குளுகுளுன்னு இருக்கும், மணல்புயல் வெளியிலயே நின்னுக்கும். இதுல எதையாவது கவனிக்காம விட்டா, ஆட்டக்காரங்க ரெண்டாவது செஷன்லயே கண்டுபிடிச்சுருவாங்க.

மொத்தமாத் தடை போடறதை விட விலையை ஏத்தறது நல்லதுங்க. தண்ணி உண்டாக்கற ஸ்பெல்லை நீர்ப்பூதத்தைக் கும்பிடற கிளெரிக்குக்கு மட்டும் குடுங்க. ஸ்லாட் லெவலுக்கு ஒரு கேலன், அதுக்கு மேல இல்லை. அப்ப ஒரு கிளெரிக் தன்னோட ஸ்லாட்டையெல்லாம் தண்ணிக்கே கொட்டினா உயிர் பிழைக்கலாம், ஆனா சண்டைக்குக் கை காலி. அந்த இழுபறிதான் வேணும். அவுட்லேண்டர் சலுகையை எடுத்துட்டு, தண்ணி இருக்கற திசை தெரியும்னு மாத்துங்க. திசை தெரிஞ்சாப் போதும், நடக்கறது அவங்க பாடு. டைனி ஹட் வெயிலை மறைக்கட்டும், தாகத்தைக் குறைக்க வேண்டாம். ப்யூரிஃபை ஃபுட் அண்ட் டிரிங்க்கை அப்படியே விடுங்க. கெட்டுப்போன கிணத்துத் தண்ணியைச் சுத்தம் பண்ற அளவு உதவி இருந்தாத்தான் டிரூயிடுக்கு மதிப்பு. இதையெல்லாம் கேரக்டர் போடறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. பாதி வழியில மாத்தினா சண்டை வரும்.

சோர்வு விதியை மட்டும் 2014-லயிருந்து எடுக்காதீங்க. அதுல பாதித் தண்ணி குடிச்சா கான் சேவ் (உடம்பு தாங்குதான்னு பார்க்கற உருட்டல்) 15. பாதிக்கும் கீழ போனா சேவ் இல்லாமயே ஒரு படி சோர்வு. ஏற்கனவே ஒரு படி இருந்தா ரெண்டு படியா ஏறும். மூணாம் படியில சேவ் எல்லாத்துக்கும் டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டிச் சின்னதை எடுக்கறது), அதுல அந்தக் கான் சேவும் சேரும். மூணாவது நாள் தாண்டினா யாரும் தேற மாட்டாங்க, உருட்டறதுக்கே அர்த்தம் இருக்காது. 2024 விதியில ஒரு படிக்கு எல்லா டி20 (20 முகப் பகடை) உருட்டல்லயும் 2 குறையும், வேகத்துல 5 அடி குறையும், ஆறாம் படியில சாவு. நேர்கோடா இறங்கறதால ஆட்டக்காரங்க "இன்னும் ஒரு நாள் தாங்குவோமா"ன்னு கணக்குப் போட முடியுது.

கணக்குப்புத்தகம் வெச்சு எழுதறதும் வேண்டாமுங்க. டேபிள் நடுவுல ஒரு கிண்ணத்துல புளியங்கொட்டை போடுங்க, ஒரு கொட்டை ஒரு கேலன். முகாம் போடறப்பெல்லாம் ஆளாளுக்கு ரெண்டு கொட்டையைக் கையால எடுத்து வெளிய வைக்கணும், டிஎம் எடுக்கக் கூடாது. எடுக்க வேண்டியவன் ஒண்ணோட நிறுத்திட்டுப் பக்கத்து ஆளைப் பார்க்கற நிமிசம் வரும் பாருங்க, அதுக்காகத்தான் இந்த ஏற்பாடே.

டிஎம் பக்கத்துல நடக்கற தப்பு ஒண்ணுதான், இரக்கப்பட்டு ராத்திரிக்கு ராத்திரி ஒரு கிணத்தைக் காட்டிவிடறது. கிணத்துக்குக் கிணறு மூணு நாள் தூரம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொந்தக்காரன்னு வைங்க. நகரத்துக்குள்ள தண்ணி எப்படிப் பங்காகுதுன்னு யோசிக்க நமக்கு வெளிய போக வேண்டியதில்லை. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனத்துல நாலு மண்டலம், சுழற்சி முறையில திறப்பு. எந்த மண்டலத்துக்கு எப்பத் தண்ணிங்கறதை டெம்ப்ளர் (சோர்சரர்-கிங்கோட அதிகாரி) கையில குடுத்துப் பாருங்க. மடையைத் திறக்கறவன்தான் அந்த நகரத்துல அரசன்.

ஈரோடு_எலும்புவாள்

ஆந்தை அண்ணன் முடிவுல எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சயானிக்ஸ் இல்லாத டார்க் சன் டார்க் சன்னே இல்லை. 1991 பெட்டி கம்ப்ளீட் சயானிக்ஸ் ஹேண்ட்புக்கை நம்பித்தான் எழுதப்பட்டது, ஒவ்வொரு கேரக்டருக்கும் பிறவித் திறன் (மனோசக்தி) ஒண்ணு கட்டாயம். 5ஈ 2014-ல அதுக்கு ஒழுங்கான அடித்தளம் கிடையாது. முழு சயான் ஆடணும்னு ஆசைப்படற ஆள் டேபிள்ல இருந்தா, அந்த வகுப்பு புத்தகமா வர்ற வரைக்கும் பொறுக்கறதுல நியாயம் இருக்கு. சோதனைத் தாளை வெச்சு நீண்ட கேம்பெய்ன் ஆரம்பிச்சா, நடுவுல திருத்தம் வந்து கேரக்டரையே மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

அப்படி யாரும் இல்லைன்னா, டாஷா புத்தகத்து சை வாரியர், சோல்நைஃப், அபெரன்ட் மைண்ட் இந்த மூணு துணைவகுப்பும் போதும். பிறவித் திறனுக்கு முதல் லெவல் ஸ்பெல்கள்ல இருபதை எழுதி டி20 உருட்ட வைங்க. ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒரு தடவை, பேசவோ கையசைக்கவோ பொருளோ தேவையில்லை. குணமாக்கற ஸ்பெல்லையும் தண்ணி ஸ்பெல்லையும் அந்த இருபதுல சேர்க்க வேண்டாம்.

கரூர்_மணல்

உலோகமும் மந்திரமும் யாரும் தொடலைன்னு எழுதறேன்.

முதல்ல விலை. பழைய விதி எளிமையானது. உலோகம் இல்லாத பொருளுக்கு பட்டியல் விலையில நூத்துல ஒரு பங்கு, உலோகப் பொருளுக்கு முழு விலை. 100 பீங்கான் காசு ஒரு தங்கக் காசு. அதனால 5ஈ பட்டியல்ல "தங்கம்"னு இருக்கற இடத்துல "பீங்கான்"னு படிச்சாப் போதும். உலோக வாளுக்கு மட்டும் தங்கமாவே வைங்க. 15 தங்கம் போட்டிருக்கற லாங்ஸ்வோர்ட் இப்ப 1,500 பீங்கான் காசு. வாளைப் பார்த்ததும் கொள்ளைக்காரன் எதுக்குத் துரத்தறான்னு தனியா விளக்க வேண்டியதில்லை.

ஆயுதத்துக்குப் பழைய விதியைக் கொண்டு வராதீங்க. எலும்புக்கு 1, கல்லுக்கு 2, மரத்துக்கு 3னு தாக்குதல் உருட்டல்ல குறைப்பாங்க. 5ஈ-ல ஒவ்வொரு புள்ளியும் 5 சதவீதம். அங்க எண்கள் மெதுவாத்தான் ஏறும், அதனால மரத்தடி வெச்சிருக்கறவன் கேம்பெய்ன் முழுக்க 15 சதவீதம் பின்னாடியே இருப்பான். ஆனா மந்திரக்காரனுக்கு எந்த இழப்பும் இல்லை. "1 விழுந்தா ஆயுதம் உடையும்"னு மொட்டையா வெச்சாலும் தப்பு. ஒரு தாக்குதலுக்கு 5 சதவீதம். அஞ்சாம் லெவல் ஃபைட்டர் ரெண்டு தடவை அடிக்கறான், அவனுக்கு ஒரு சுத்துக்கு 9.75. பதினொண்ணாம் லெவல்ல மூணு அடி, 14-க்கு மேல. நல்லாச் சண்டை போடத் தெரிஞ்சவன்தான் அதிகமா உடைப்பான்னு ஆகுது.

2010-ல 4ஆம் பதிப்பு இதைச் சரியாப் பிடிச்சுது. 1 விழுந்தா முடிவு ஆட்டக்காரன் கையில. தவறிப் போச்சுன்னு விட்டுறலாம், இல்லைன்னா மறுபடி உருட்டலாம். மறுபடி உருட்டினா அடி பட்டாலும் படாட்டியும் எலும்பு, கல், மர ஆயுதம் அந்த அடியோட உடையும். உலோகமா இருந்தா மறு உருட்டல் 5 அல்லது அதுக்குக் கீழ வந்தாத்தான் உடையும். யாருக்கும் தண்டனை இல்லை, ஆசைக்கு ஒரு விலை, அவ்வளவுதான். இதை அப்படியே 5ஈ-ல வைக்கலாம், ஒரு எழுத்துக்கூட மாத்த வேண்டாம். ஆளுக்கு மூணு நாலு ஆயுதம் இடுப்புல சொருகியிருப்பாங்க, படம் பார்க்கற மாதிரியே இருக்கும்.

மந்திரம். பிரிசர்வர் (மண்ணைக் கெடுக்காத மந்திரக்காரன்) சாதாரணமா ஸ்பெல் போடட்டும். டிஃபைல் பண்றவனுக்கு ஒரு லாபம் குடுங்க, சேதப் பகடையை மறுபடி உருட்டிக்கலாம்னு. விலை, ஸ்லாட் லெவலுக்கு 10 அடி ஆரம் வீதம் சுத்தியிருக்கற செடி கொடி எல்லாம் சாம்பல். மூணாம் லெவல் ஸ்பெல்லுக்கு 30 அடி ஆரம், ஆறரை சென்ட் நிலம். அஞ்சாம் லெவலுக்கு 18 சென்ட். ஒன்பதாம் லெவலுக்கு 58 சென்ட், அரை ஏக்கருக்கு மேல. அந்த மண்ணுல மறுபடி ஒண்ணும் முளைக்காது. இதை சென்ட் கணக்குல சொல்லிப் பாருங்க, நம்மூர் டேபிள்ல அமைதி ஆயிரும்.

இந்த விதியில தப்பு எங்க வரும்னா, வெறும் பாலைவனத்துல. செடியே இல்லாத இடத்துல சாம்பலாகறதுக்கு என்ன இருக்கு, எல்லாரும் கூசாம டிஃபைல் பண்ணுவாங்க. அதனால 4ஆம் பதிப்போட இன்னொரு யோசனையையும் சேர்த்துக்கங்க, பக்கத்துல இருக்கற கூட்டாளிங்க உடம்புலயிருந்தும் உறிஞ்சும். ஆரத்துக்குள்ள நிக்கற ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஸ்லாட் லெவல் அளவு டி4 (4 முகப் பகடை) நெக்ரோடிக் (உயிரை உறிஞ்சற) சேதம், சேவ் கிடையாது. செடி இருந்தா இந்தச் சேதம் பாதி. அப்ப செடியை அழிக்கறதா, கூட வர்றவனை உறிஞ்சறதாங்கற கேள்வி ஒவ்வொரு தடவையும் எழும்.

வகுப்புகள்ல பாலடின் (புனித வீரன்) வேண்டாம், இங்க கடவுளே இல்லை. கிளெரிக் (பூசாரி) நிலம், நீர், நெருப்பு, காத்துங்கற நாலு பூதங்களுக்கு. டெம்ப்ளர்னா வார்லாக், புரவலர் அந்த நகரத்து சோர்சரர்-கிங்.

கடைசியா, ஆந்தை அண்ணன் அடிமை முறையைச் சொன்னார், ஆனா டேபிள்ல என்ன செய்யறதுன்னு சொல்லலை. நம்ம பக்கத்துல இது கற்பனைச் சமாச்சாரம் இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல. பண்ணையாளா இருந்தவங்க பேரன் பேத்தி உங்க டேபிள்லயே உக்கார்ந்திருக்கலாம். அதனால சில விஷயத்தை முதல்லயே முடிவு பண்ணிருங்க. ஆட்டக்காரங்க கேரக்டர் யாரும் அடிமை வெச்சுக்க முடியாது. ஆளுக்கு விலைப்பட்டியல் டேபிளுக்கு வராது. சந்தைக் காட்சியை அலங்காரமா விவரிக்க வேண்டாம். அடிமை முறை இருக்கும், அதை எதிர்க்கறதுக்கு வழியும் இருக்கும், அதுக்காகத்தான் அது அங்க இருக்கணும். கம்பெனி இதைப் பார்த்துத் தயங்கறது எனக்குப் புரியுது. ஆனா ஒரு பெரிய புத்தகம் எல்லாருக்குமாச் சேர்த்துப் பேச வேண்டியதை, ஆறு பேர் முகம் பார்த்துப் பேசி ஒழுங்காச் செய்ய முடியும்.

கோபி_அச்சு

கைப்புத்தகம் பத்தி.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 14: மொழிபெயர்க்கற உரிமையும் உரிமைக்காரருக்கே. அதனால 1991 பெட்டியிலயோ 2010 புத்தகத்துலயோ இருக்கற பத்தியைத் தமிழாக்கி மத்த டேபிளுக்குக் குடுத்தா, காசு வாங்கினாலும் வாங்காட்டியும் தப்பு. அச்சுக்கூலி மட்டும்னு சொன்னாலும் அது விற்பனைதான். விசார்ட்ஸோட ரசிகர் படைப்புக் கொள்கையும் இலவசமாக் குடுக்கறதை மட்டும்தான் அனுமதிக்குது, அதுலயும் புத்தகத்தை அப்படியே நகலெடுக்க இடமில்லை.

விதி வேற சமாச்சாரம். ஆட்டத்தோட செயல்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதின வாசகத்துக்குத்தான். அதோட, 2023 ஜனவரியில ஓஜிஎல் (அவங்களோட பழைய திறந்த உரிமம்) சண்டை பெருசான பிறகு எஸ்ஆர்டி 5.1-ஐ (5ஈ அடிப்படை விதி ஆவணம்) கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் 4.0-ல விட்டுட்டாங்க. 2025-ல 2024 விதிக்கான எஸ்ஆர்டி 5.2-ம் அதே உரிமத்துல வந்தாச்சு. இதைத் தமிழாக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம். ஆவணத்துல அவங்க குடுத்திருக்கற உரிம வாசகத்தை முதல் பக்கத்துல போட்டு, மாத்தியிருக்கறதையும் சொல்லணும். குடுத்ததைத் திரும்ப வாங்க அந்த உரிமத்துல வழியில்லை. கம்பெனி நாளைக்கு என்ன முடிவு எடுத்தாலும் உங்க கைப்புத்தகம் நிக்கும்.

ஆனா அத்தாஸ், டீர் நகரம், ஹமானு அரசன், திரி-கிரீன் பூச்சி இனம் எதுவும் எஸ்ஆர்டி-யில இல்லை. அதனால ரெண்டு புத்தகமாப் பிரிங்க. விதிப் புத்தகத்துல தண்ணி, சோர்வு, ஆயுதம் உடையறது, சாம்பல் விதி, விலைமாற்றம். அதுல டார்க் சன் பேரே வராம உங்க சொந்த வாசகத்துல எழுதுங்க. அதை யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். உலகக் குறிப்பு உங்க டேபிளோட நிக்கட்டும். மத்த டேபிள்காரங்க பழைய பிடிஎஃப்பை டிஎம்ஸ் கில்டு தளத்துல விலை குடுத்து வாங்கிக்கட்டும். அத்தாஸ்.ஆர்க் தளத்துல 3ஆம் பதிப்புக்கு ரசிகர்கள் எழுதினது இலவசமாவே இருக்கு. அந்தக் காலத்துல விசார்ட்ஸே அதை டார்க் சன்னோட அதிகாரபூர்வத் தளமா அங்கீகரிச்சிருந்தாங்க.

அச்சுக்கு ஏ5, மடிச்சு நடுவுல பின் அடிக்கறதுன்னா பக்கம் 4-ஆல வகுபடணும். 32 பக்கத்துக்கு ஏ4 தாள் எட்டு. 60 பக்கத்தைத் தாண்டினா உள்தாள் வெளிய தள்ளும், ஓரம் வெட்டறப்ப எழுத்து போயிரும், அதுக்கு ஸ்பைரல் போடுங்க. தாள் 80 ஜிஎஸ்எம் போதும். கடைக்கு வேர்டு ஃபைல் குடுக்காதீங்க. அங்க இருக்கற பழைய சாஃப்ட்வேர் யூனிகோட் தமிழைப் படிக்காது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாச் சிதறும். எழுத்துருவை உள்ள பதிச்ச பிடிஎஃப்பாக் குடுங்க. பட்டியல்கள்ல எழுத்து 9 புள்ளிக்குக் கீழ போனா ஜெராக்ஸ்ல புள்ளியெல்லாம் மறைஞ்சு, மெய்யெழுத்து உயிர்மெய்யாத் தெரியும்.

நொய்யல்_பகடை (திருப்பூர்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு புத்தகமாப் பிரிக்கற யோசனையை டேபிள்ல சொன்னேன், பொறுக்கலாம்னு சொன்ன கட்சியும் சரின்னுருச்சு. முழு சயான் கேக்கற ஆள் எங்ககிட்ட இல்லை, அதனால எலும்புவாள் அண்ணன் சொன்ன மூணு துணைவகுப்போட போறோம். இன்னும் ஒரே கேள்வி. எந்தக் காலத்துல ஆரம்பிக்கறது? 1991 பெட்டி, 1995 திருத்தப் பதிப்பு, 2010 புத்தகம், மூணுலயும் உலகம் வேற வேற நிலையில இருக்குதுங்களே.

அவிநாசி_ஆந்தை

டீர் நகரத்து சோர்சரர்-கிங் காலாக் செத்ததுக்கு அடுத்த வாரம், அதே நகரத்துல.

காரணம் இதுதான். 1991 பெட்டியில காலாக் உயிரோட இருக்கான். அவன் சாவைச் சுத்தித்தான் அதே வருசம் முதல் அட்வெஞ்சர் வந்துது. டிராய் டென்னிங்கோட அஞ்சு நாவல்கள்ல ஆட்டக்காரங்க செய்ய வேண்டியதையெல்லாம் நாவல் ஆளுங்களே செஞ்சு முடிச்சுட்டாங்க. ஏழு நகரத்து ராஜாக்கள்ல காலாக், அபாலாக்-ரே, டெக்டுக்டிட்லே, ஆண்ட்ரோபினிஸ் நாலு பேர் போயாச்சு, டிராகன் போரிஸும் போச்சு. 1995 பதிப்பு அந்த நிலையிலதான் தொடங்குது, உங்க ஆளுங்களுக்கு மிச்சம் வெச்சது கம்மி. 2010-ல அதையெல்லாம் தள்ளிட்டு, காலாக் இப்பத்தான் செத்தான்னு திரும்பி வந்தாங்க. நாவலுக்கும் 1995-க்கும் 2010-க்கும் பொதுவா இருக்கற முக்கியமான நிகழ்ச்சி அதுதான். அதனால எந்தப் பதிப்புப் புத்தகத்துலயிருந்து எடுத்தாலும் ஒட்டும்.

கரூர் அக்கா சொன்னதுக்கும் அது பொருந்தும். டீர்ல புது அரசன் டித்தியன் அடிமைகளை விடுவிச்சாச்சு. விடுதலை கிடைச்சவங்க கையில நிலம் இல்லை, தண்ணி இல்லை, வெளிய யூரிக்ங்கற இன்னொரு நகரத்தோட படை. பழைய டெம்ப்ளருங்க இன்னும் அதே நாற்காலியில. காத்து சொன்ன மடைத் திறப்பை அங்க வைங்க. முதல் கேம்பெய்னுக்கு இது தாராளம், பாலைவனத்துக்குள்ள இறங்கறதை மூணாவது நாலாவது செஷனுக்குத் தள்ளிக்கலாம்.

ஆரம்பம் 3ஆம் லெவல், பழைய பெட்டியிலயும் அப்படித்தான். அதுல இருந்த கேரக்டர் மரத்தையும் விடாதீங்க. ஆளுக்கு நாலு கேரக்டர் போடணும், ஒண்ணு ஆட்டத்துல, மூணு காத்திருப்புல. ஆடற கேரக்டர் லெவல் ஏறறப்ப காத்திருக்கறதுல ஒண்ணுக்கும் ஒரு லெவல் ஏத்திக்கலாம். இந்த விதிகளோட ஆடினா சாவு நிச்சயம் வரும். மரம் இருந்தா செத்தவனோட ஆட்டக்காரர் அன்னிக்கே அடுத்த ஆளை எடுத்துட்டு உக்காரலாம். கேரக்டரோட திறன் எண்ணுக்குப் பழைய 5d4 (அஞ்சு 4 முகப் பகடை) உருட்டல் மட்டும் வேண்டாம். அது 20 வரைக்கும் போகும், 5ஈ-ல முதல் நாளே 20 இருந்தா தாக்குதல் எண்கள் தாறுமாறாயிரும். 4d6-ல சின்னதை விட்டுட்டு மூணைக் கூட்டற வழக்கமான முறையே போதும். நாலு கேரக்டரையும் ஒரே நாள்ல போட வைக்காதீங்க, புது ஆளுங்க ரெண்டு பேரும் திணறுவாங்க. முதல் செஷனுக்கு ஒண்ணு, மூணாவது செஷனுக்குள்ள மீதி.